பதினாறாவது கேள்வி

என் ஆய்வுப் படிவத்தில் இருபத்துநான்கு கேள்விகள். பதினாறாவது கேள்வி இது: நோயாளியின் உடலில் கறுத்த பொருக்குப் புண் காணப்பட்டதா? ஆம் / இல்லை.

கேள்வியை எழுதியவள் நான். அதற்கான பதிலை, நோயாளியின் விவரம் எழுதும் ஆஸ்பத்திரி ரிக்கெற்றுகளில் தேடி எடுப்பவளும் நான். அந்த ரிக்கெற்றுகளில் மூன்றில் ஒன்றை வாட்டில் நின்று எழுதியவளும் நான்தான். இதில் பயப்பட ஏதாவது இருக்கிறது என்று அந்தத் தை மாதம் வரை எனக்குத் தோன்றவில்லை.

நான் இரண்டு படிப்புகளை ஒன்றாகப் படிக்கிறேன். ஒன்று, பொது மருத்துவத்தில் விசேட வைத்தியராவதற்கான பயிற்சி. மற்றது, பொதுச் சுகாதார முதுமாணிப் பட்டம். செவ்வாய், புதன், சனி, ஞாயிறு வாட்டு. வியாழனும் வெள்ளியும் கிராமம். திங்களில் விரிவுரை. இப்படிச் சேர்த்துப் படிப்பவள் எங்கள் ஆஸ்பத்திரியில் நான் ஒருத்திதான். வாட்டு நேர்ஸ்மார் என்னை "அரைக்கிழமை டொக்ரர்" என்பார்கள். கிராமத்துக்கு என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போகும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கோபிசங்கர் அண்ணை வேறு மாதிரிச் சொல்வார்.

"வாட்டிலை சனம் உங்களைத் தேடி வரும், டொக்ரர். இஞ்சை நாங்கள்தான் சனத்தைத் தேடிப் போகவேணும். முதல்லை நாய் வரும். பிறகுதான் சனம் வரும்."

என்னிடம் ஒரே கொப்பிதான். முன்பக்கத்திலிருந்து வாட்டு. திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து கிராமம். நடுவில் வெற்றுத் தாள்கள்.

என் ஆய்வு உண்ணிக் காய்ச்சலைப் பற்றியது. பற்றைகளில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு உண்ணி கடித்து வருவது. கடித்தது தெரியாது. சில நாளில் அந்த இடம் சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்துப் பொருக்குத் தட்டும். அதுவும் நோகாது. வாட்டில் அதை எஸ்கார் என்போம். எஸ்காரைக் கண்டால் நோயைக் கண்டதாகிவிடும். டொக்சிசைக்கிளின் என்ற மலிவான ஒரு குளிசை போதும், இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். காணாவிட்டால் முதலில் நுரையீரல், பிறகு மூளை, பிறகு எல்லாம். ஆனால் உண்ணி மறைவான இடங்களைத்தான் தேடிப் போகும். அக்குள், மார்பின் கீழ், தொடை இடுக்கு, இடுப்புக் கயிறு இறுகும் இடம்.

பொங்கலுக்குள் அறுபத்துநான்கு படிவங்கள் நிரப்பியிருந்தேன். அதில் ஒரே ஒரு மரணம். இலக்கம் இருபத்துமூன்று, பெண், வயது ஐம்பத்துநான்கு, அளவெட்டி. பதினாறாவது கேள்விக்குப் பதில்: இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பதினெட்டாம் கட்டிலுக்கு ஒருவர் வந்தார். வயது அறுபத்தேழு. ஆறு நாள் காய்ச்சல், தலையிடி. டெங்கு இல்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் மெல்லிய மூட்டம். நான் ரிக்கெற்றில் பெயரைப் பார்ப்பதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"நீ எங்கடை தபால்காரற்றை மோளெல்லே?"

இராசநாயகம் ஐயா. உரும்பிராயில் கூட்டுறவுக் கடை மனேச்சராக இருந்தவர். சின்ன வயதில் நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சீனிக்கு வரிசையில் நின்றபோது மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சேட்டோடு இருந்தவர்.

"ஓம் ஐயா. கஜானி."

"டொக்ரராயிட்டாய். அப்பா இப்பவும் சைக்கிளோ?"

"ஓம் ஐயா. ஸ்கூட்டி வாங்கிக் குடுத்தும் சைக்கிள்தான்."

"அவன் திருந்தமாட்டான்." காய்ச்சலோடும் சிரித்தார். கால்மாட்டில் நின்ற அவருடைய மனைவி பூரணம் மாமியும் சிரித்தார்.

நான் வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். "தோட்டம், வயல் ஏதும் செய்யிறனீங்களோ ஐயா?"

"நான் பென்சன்காரன் பிள்ளை. பேப்பர் பாக்கிறது, கோயிலுக்குப் போறது. வேறை என்ன?"

முகவரியை நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது ஒழுங்கை. நானே எழுதினேன்.

"உடம்பிலை எங்கையும் கறுத்த புண் இருக்கோ ஐயா?"

"இல்லைப் பிள்ளை."

காதுக்குப் பின்னால் பார்த்தேன். கழுத்து, அக்குள், நெஞ்சு, முதுகு. கால்களை முழங்கால் வரை பார்த்தேன். அதற்கு மேல் சாரம். அவருடைய வலது கை சாரக் கட்டின் மேல் இருந்தது. "ஐயா, சாரத்தைக் கொஞ்சம்..." என்று தொடங்கினேன். அவர் கூரை விசிறியைப் பார்த்தார். மாமி நிலத்தைப் பார்த்தார். அடுத்த கட்டில்காரர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். வாட்டிலிருந்த ஒரே துணி மறைப்பு அப்போது ஐந்தாம் கட்டிலில்.

"சரி ஐயா. படுங்கோ."

ரிக்கெற்றில் எழுதினேன். நெஞ்சு, வயிறு, எஸ்கார் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போகிற கை அது. எஸ்கார் – இல்லை. பொய் எழுதுகிறேன் என்று அப்போது நினைக்கவில்லை. எதையும் நினைக்கவில்லை.

புதன்கிழமை காலைச் சுற்றில் விசேட வைத்தியர் சேர் பதினெட்டாம் கட்டிலில் நின்றார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உண்ணிக் காய்ச்சலாய் இருக்குமோ? எஸ்கார் பாத்தனீங்களோ?"

"ஓம் சேர். இல்லை."

"வடிவாய்ப் பாத்தனீங்கள்தானே?"

"ஓம் சேர்."

"அப்ப நியூமோனியாவுக்கே மருந்தைத் தொடருவம்." அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு நானும் கோபிசங்கர் அண்ணையும் வலிகாமம் வடக்கில் ஒரு வேலிக்கு முன்னால் நின்றோம். முப்பது வருடத்துக்கு மேல் இராணுவத்தின் கையில் இருந்து, இப்போது விடுபட்ட காணிகள். ஒழுங்கையின் ஒரு பக்கம் புதுத் தகரக் கொட்டில்கள். மறுபக்கம் இன்னும் ஆள் உயரப் பற்றை. அதற்குள் கூரையில்லாத ஒரு வீட்டின் சுவர் தெரிந்தது. அண்ணை சொன்னதுபோல முதலில் நாய் வந்தது. பிறகு றெஜினா அக்கா வந்தார்.

"காய்ச்சல் கணக்கெடுக்கவோ? வாங்கோ, வாங்கோ. எங்கடை வீட்டிலை ஒரு காய்ச்சல் இருந்தது. அது அங்கை கிடக்குது பாருங்கோ, வலை பொத்திக்கொண்டு."

கொட்டிலின் நிழலில் இருந்த அவருடைய கணவர் யாகோப்பு தலையை நிமிர்த்தாமல் கையை மட்டும் தூக்கினார்.

நான் கொப்பியின் பின்பக்கத்தைத் திறந்தேன். எப்போது காய்ச்சல் என்று கேட்டேன். மார்கழியில், நத்தாருக்கு முன். அதற்கு முன் பற்றை வெட்டினாரா என்று கேட்டேன்.

"பின்னை? வந்த நாள் தொடக்கம் அதுதானே வேலை. காய்ச்சல் எண்டால் சும்மா காய்ச்சல் இல்லைத் தங்கச்சி. ஏழாம் நாள் செத்த தம்பியோடை கதைக்கத் தொடங்கிட்டார்."

"புண் ஏதும் இருந்ததோ அக்கா? கறுப்பாய்?"

றெஜினா அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே சொன்னார். "இருந்தது. இடுப்புக்குக் கீழை, உள்பக்கம். முப்பது வரியம் குடும்பம் நடத்தின எனக்கே காட்டமாட்டன் எண்டு துவாயை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். நான் இழுத்துத்தான் பாத்தனான்."

"உதெல்லாம் ஏன் அவவுக்குச் சொல்லுறாய்?" என்றார் யாகோப்பு.

"சொல்லாமல் செத்திருந்தால் நல்லாயிருந்திருக்கும், என்ன?"

கோபிசங்கர் அண்ணை வேலிப் பக்கம் திரும்பிச் சிரித்தார். நானும் சிரித்தேன். படிவத்தில் பதினாறாவது கேள்விக்கு 'ஆம்' என்பதை வட்டமிட்டேன். ஒரு ஓய்வுபெற்ற டொக்ரர் புண்ணைக் கண்டதும் மஞ்சள் குளிசை கொடுத்தாராம். அடுத்த நாளே யாகோப்பு கஞ்சி கேட்டாராம்.

"பக்கத்துக் காணியிலை ஆருக்கும் காய்ச்சலோ அக்கா?"

"பக்கத்துக் காணியிலை இன்னும் ஆக்கள் வந்து இருக்கேல்லை. மனேச்சர் ஐயா ஞாயிறு ஞாயிறு வந்து வெட்டுறவர். சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு பற்றைக்குள்ளை இறங்கினார் எண்டால் வெயில் சாயுமட்டும் ஏறமாட்டார். சொந்தக் காணியெல்லே, கூலிக்கு ஆள் விடமாட்டன் எண்டு நிக்கிறார். இந்த ஞாயிறு காணேல்லை."

என் பேனா தாளிலேயே நின்றது. "எந்த மனேச்சர்?"

"இராசநாயகத்தார். தொண்ணூறிலை இஞ்சையிருந்து இடம்பெயர்ந்தவர். இப்ப உரும்பிராயிலை. அங்கை கூட்டுறவுக் கடையிலை இருந்தவராம்."

உரும்பிராயில் பற்றை இல்லை. செம்மண், வெங்காயம், உருளைக்கிழங்கு. அவரை என் வாழ்நாள் முழுக்க உரும்பிராய்க்காரர் என்றே நினைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் பாதிச் சனத்துக்கு இரண்டு ஊர். ஒன்று இருக்கிற இடம், மற்றது சொந்த இடம். தெரியாத ஒருவராக இருந்தால் கேட்டிருப்பேன். அவரைத் தெரியும் என்பதால் கேட்கவில்லை. அவரும் பற்றை வெட்டியதைச் சொல்லவில்லை. தன் வளவைத் துப்புரவாக்குவதை யாரும் தொழில் என்று சொல்லமாட்டார்கள்.

கொப்பியைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தேன். பதினெட்டாம் கட்டில். எஸ்கார் – இல்லை. என் எழுத்து.

வேலிக்கு வெளியே வந்து வாட்டுக்குப் போன் எடுத்தேன். பயிற்சி டொக்ரர் கோகுலன் எடுத்தான். உள்ளகப் பயிற்சிக்கு வந்து நான்கு மாதம்தான்.

"கோகுலன், பெட் பதினெட்டு எப்பிடி?"

"நல்லாய் இல்லை அக்கா. மத்தியானம் தொடக்கம் குழம்பிக் கதைக்கிறார். கடைச் சாவியைத் தா எண்டு என்னைக் கேக்கிறார். மூச்சு நிமிசத்துக்கு முப்பத்தாறு. ஒட்சிசன் பூட்டியிருக்கு. ஐசியூவிலை இடம் கேட்டிருக்கிறம்."

"டொக்சிசைக்கிளின் குடுத்ததோ?"

"இல்லையே. நீங்கள் எஸ்கார் இல்லை எண்டு எழுதியிருக்கிறியள்."

"இன்னொருக்கா பாக்கேலுமோ?"

"நீங்கள் பாத்திட்டியள்தானே அக்கா. உங்கடை ஆராய்ச்சியே எஸ்கார்தான். நீங்கள் காணாததை நான் எங்கை காணுறது?" அவன் சிரித்தான். பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "மூண்டு அட்மிசன் நிக்குது அக்கா. பிறகு எடுக்கிறன்."

போன் நின்றுவிட்டது. நான் அதைக் காதிலேயே வைத்திருந்தேன்.

"அண்ணை, ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். இப்பவே."

கோபிசங்கர் அண்ணை ஏன் என்று கேட்கவில்லை. றெஜினா அக்காவிடம் கையைக் காட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

நாற்பது நிமிட ஓட்டம். நான் நேரே போய் மறைப்பைப் போட்டு, நானே பார்த்து, நானே கண்டுபிடித்து, நானே மருந்தை எழுதுவேன். "இப்பதான் வந்திருக்கு சேர்" என்று சொல்லலாம். எஸ்கார் சில நேரம் பிந்தி வரும், புத்தகத்திலேயே இருக்கிறது. யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள். முதல் கால்மணி நேரம் இதைத்தான் யோசித்தேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைத்தான் யோசித்தேன்.

பிறகு என் மூச்சு வேகமாகப் போவதைக் கவனித்தேன். மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். முப்பத்துநான்கு. நான் அண்ணையின் பின்னால் சும்மா இருந்துகொண்டு மூச்சு வாங்குகிறேன். அங்கே அவர் அறுபத்தேழு வயதில், ஒரு நுரையீரல் மூடிக்கொண்டிருக்க, மத்தியானத்திலிருந்து இப்படி மூச்சு விடுகிறார். குளிசை வாட்டு அலுமாரியில் இருக்கிறது. கட்டிலிலிருந்து பத்தடி. அதை எடுத்துக் கொடுக்க நான் அங்கே போகத் தேவையில்லை. ஒரு வசனம் போதும். அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் இருக்கத்தான் இவ்வளவு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

"நிப்பாட்டுங்கோ அண்ணை."

புன்னாலைக்கட்டுவன் தாண்டியிருந்தோம். வீதிக்கரையில் ஒரு தோட்டம். யாரோ வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் முறை அடித்தபோது கோகுலன் எடுத்தான்.

"நான் பாக்கேல்லை," என்றேன்.

"என்ன அக்கா? கேக்கேல்லை."

தண்ணீர் இறைக்கும் மெசின் சத்தம். இன்னும் பெரிதாகச் சொல்லவேண்டியிருந்தது. "பதினெட்டாம் கட்டிலுக்கு நான் எஸ்கார் பாக்கேல்லை. முழங்கால் மட்டும்தான் பாத்தனான். இல்லை எண்டு எழுதினது பிழை. அவர் பற்றை வெட்டினவர். மறைப்பைப் போட்டிட்டுச் சாரத்தைக் கழட்டிப் பாருங்கோ. புண் இருந்தாலும் இல்லாட்டிலும் டொக்சி குடுங்கோ. விழுங்க மாட்டார், மூக்குக் குழாயாலை குடுங்கோ."

மெசின் இறைத்துக்கொண்டிருந்தது.

"சேரிட்டை என்னெண்டு சொல்ல?"

"நான் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ."

"சரி அக்கா." அவன் குரலில் சிரிப்பு இல்லை.

நான் ஏறி இருந்தேன். கோபிசங்கர் அண்ணை உடனே எடுக்கவில்லை. முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "நானும் பாக்காத கிணறுகளுக்குக் குளோரீன் போட்டதெண்டு எழுதியிருக்கிறன், டொக்ரர். நாலு கிணறு. இன்னும் அந்த ஒழுங்கையாலை போகேக்கை நெஞ்சு இடிக்கும்." பிறகு கிளட்சை விட்டார்.

வாட்டு வாசலில் பூரணம் மாமி நின்றார். ஆண்கள் வாட்டு, அதனால் வெளியே அனுப்பியிருந்தார்கள். கையில் சுருட்டிய சாரம்.

"பிள்ளை, மறைப்பைப் போட்டு என்னவோ செய்யினம். என்னை விடமாட்டினமாம்."

"மாமி, அவற்றை இடுப்புப் பக்கம் ஏதும் புண் கண்டனீங்களோ?"

"ஓம். கயிறு உரசின புண். சாரத்திலை கறை இருந்தது. கேட்டால் சும்மா கத்தினார். நித்திரையிலை பாத்துத் தேங்காயெண்ணெய் பூசிவிட்டனான்."

"எப்ப மாமி?"

"காய்ச்சல் வந்த அண்டைக்கு."

"ஏன் செவ்வாய்க்கிழமை சொல்லேல்லை?"

மாமி என்னை விளங்காமல் பார்த்தார். "நீர் அவரைத்தானே கேட்டனீர்?"

மறைப்புக்குள் கோகுலன் நின்றான். மூக்குக் குழாய் போடப்பட்டிருந்தது. என்னைப் பார்க்காமல் விரலால் காட்டினான். இடுப்புக் கயிற்றுக்குக் கீழே, வலது தொடை மடிப்பில், ஒரு சதக் காசு அளவில் கறுத்த பொருக்கு. ஓரம் சிவந்திருந்தது. பாடப்புத்தகத்தில் போடலாம். அதை மூடியிருந்தது ஒரு சாரம்தான்.

"மூண்டு ஐம்பதுக்கு முதல் டோஸ் போட்டது," என்றான்.

இராசநாயகம் ஐயாவின் கண்கள் திறந்திருந்தன. என்னை அடையாளம் தெரியவில்லை. ஆனால் அவருடைய வலது கை வயிற்றின் மேல் இல்லாத சாரக் கட்டைத் தேடிக்கொண்டிருந்தது. நான் ஒரு துணியை எடுத்து அந்தக் கைக்குக் கீழே வைத்தேன். கை அதைப் பிடித்துக்கொண்டது.

சேர் நாலரைக்கு வந்தார். ரிக்கெற்றைப் படித்தார். மற்றவர்கள் தள்ளிப் போகும் வரை பார்த்திருந்தார்.

"வடிவாய்ப் பாத்தனீங்களோ எண்டு கேட்டனான்."

"ஓம் சேர்."

"நீங்கள் ஓம் எண்டு சொன்னியள்."

"ஓம் சேர்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். "ஒரு நாளைக்கு முன்னம் குடுத்திருந்தால் இவர் இண்டைக்கு இருந்து சாப்பிட்டிருப்பார். இப்ப எனக்குத் தெரியாது. ரிக்கெற்றைத் திருத்துங்கோ. அழிக்காமல் ஒரு கோடு இழுத்து, பக்கத்திலை உண்மையை எழுதி, நேரமும் போட்டு ஒப்பம் வையுங்கோ. மிச்சத்தைத் திங்கட்கிழமை கதைப்பம்."

எஸ்கார் – இல்லை. அதன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் எழுதினேன்: செவ்வாயன்று முழுமையாகப் பரிசோதிக்கப்படவில்லை. நேரம் போட்டு ஒப்பம் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை கிராமத்துக்குப் போகவில்லை. ஐசியூ வாசலில் நின்றேன். காலையில் காய்ச்சல் நூற்றுமூன்று. மத்தியானம் நூற்றுமூன்று. இரத்த அழுத்தம் இறங்கி அதற்கும் மருந்து ஏற்றினார்கள். அப்பா போன் எடுத்து, "மனேச்சரை உங்கடை ஆஸ்பத்திரியிலையாம் வைச்சிருக்கிறது, நீதான் பாக்கிறியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப பயமில்லை," என்றார். நான் போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வெளியே பூரணம் மாமி மர வாங்கில் இருந்தார். என்னைக் காணும்போதெல்லாம் எழும்பி நின்றார். எனக்காக யாரும் எழும்பி நிற்பதை அதுவரை நான் அவ்வளவு வெறுத்ததில்லை.

மூன்றாவது தரம் எழும்பியபோது அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். சொன்னேன். நான் பார்க்கவில்லை என்று. பார்த்ததாக எழுதினேன் என்று.

மாமி தன் கைகளைப் பார்த்தார். "அவர் விட்டிருக்கமாட்டார்," என்றார். பிறகு, "ஆனால் நீர் கேட்டிருக்கவேணும்," என்றார். அதற்குப் பிறகு நான் கடந்து போனபோது எழும்பவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் காய்ச்சல் நூற்றொன்று. பத்து மணிக்குத் தொண்ணூற்றொன்பது. நான் அளவுத்தாளை மூன்று முறை பார்த்தேன், வேறு யாருடையதோ என்று. மத்தியானம் மூச்சு இருபத்திரண்டு. பின்னேரம் நான் கட்டிலுக்குக் கிட்டப் போனபோது இராசநாயகம் ஐயா என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"பிள்ளை."

"சொல்லுங்கோ ஐயா."

குரல் வறண்டிருந்தது. நான் குனிந்தேன்.

"எல்லாரும் பாத்திட்டியளாம்."

"ஓம் ஐயா."

"அப்பாவிட்டைச் சொல்லிப்போடாதை."

சிரித்திருக்கவேண்டும். சிரிப்பு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து, வாட்டுக்குப் பின்னாலிருந்த சிறிய அறையில், ரிக்கெற்றுகளிலிருந்து நிரப்பிய அறுபத்துநான்கு படிவங்களையும் மேசையில் பரப்பினேன். ஒவ்வொன்றுக்கும் உரிய ரிக்கெற்றைத் தேடி யாருடைய எழுத்து என்று பார்த்தேன். இருபத்திரண்டு என்னுடையவை. அதில் மூன்றில் எஸ்கார் கண்டிருக்கிறேன். பத்தொன்பதில் 'இல்லை'.

பத்தொன்பது பேரையும் ஒவ்வொருவராக நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். மறைப்புப் போட்டு முழுதாகப் பார்த்தது நிச்சயமாக ஆறு பேரை. மிச்சம் பதின்மூன்று. சிலரின் முகம்கூட நினைவில் இல்லை. கை மட்டும் எழுதியிருக்கிறது.

பதினாறாவது கேள்விக்கு இரண்டு பெட்டிகள்தான். ஆம். இல்லை. மூன்றாவது பெட்டி ஒன்றைப் பேனாவால் கீறினேன். பார்க்கவில்லை. மற்ற டொக்ரர்மாரின் நாற்பத்திரண்டு ரிக்கெற்றுகளைப் பற்றி எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் கைகள் இருக்கின்றன. என் ஆய்வு இனி ஆய்வாக இருக்குமா என்றும் தெரியவில்லை. அன்று அது பெரிய பயமாக இல்லை.

பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பதின்மூன்றாவது இலக்கம் இருபத்துமூன்று. அளவெட்டி. இறப்பு, ஐந்தாம் நாள்.

அவரை நினைவிருந்தது. மார்கழி மழை, பெண்கள் வாட்டில் கட்டில் இல்லை, நிலத்தில் பாயில் படுத்திருந்தார். பார்வையாளர் நேரம். சுற்றிவரக் கால்கள். நான் குந்தியிருந்து நெஞ்சில் கருவியை வைத்தபோது சட்டையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் சட்டைக்கு மேலாலேயே நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டேன்.

படிவத்தில் தொடர்புக்கு ஒரு போன் இலக்கம் இருந்தது. மகள், டிலக்ஷி.

ரிக்கெற்றில் இனி எந்தப் பதிலும் கிடைக்காது. ஆனால் ஒரு உடம்பை முழுதாகப் பார்ப்பவர்கள் டொக்ரர்மார் மட்டும் இல்லை. செத்தவீட்டில் பெண்கள் மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டுவார்கள். அரப்பு வைத்து, உச்சி தொடக்கம் உள்ளங்கால் வரை. அவர்கள் பார்த்திருப்பார்கள்.

போன் எடுக்காமல் இருக்கலாம். எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பின்னேரம் நாலு மணி, வெளியே யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். எடுத்தேன். மணி அடித்தது. அவள் எடுக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"ஹலோ, ஆர்?"

ஆஸ்பத்திரிப் பெயரைச் சொன்னேன். என் பெயரையும் சொன்னேன்.

"ஓம் டொக்ரர், நினைவிருக்கு. அம்மாவைப் பாத்தனீங்கள்." மரியாதையான, சின்னக் குரல். என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும்.

"உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். கேக்கிறது கஷ்டம்தான். அம்மாவைக் குளிப்பாட்டினது ஆர்?"

"நானும் சித்தியும்."

"அம்மாவின்ரை உடம்பிலை எங்கையும் கறுப்பாய், பொருக்கு மாதிரி ஒரு புண் கண்டனீங்களோ? சின்னது. சுட்ட மாதிரி."

"இடது மார்புக்குக் கீழை," என்றாள் உடனே. "சித்திதான் கண்டவ. ஆஸ்பத்திரியிலை நெஞ்சிலை வயர் பூட்டினவை, அது சுட்ட இடமாக்கும் எண்டு சொன்னவ. நாங்கள் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. கேட்டு என்ன, ஆள் போயிட்டா எண்டு விட்டிட்டம்."

நெஞ்சில் பூட்டும் வயர்கள் சுடுவதில்லை.

"அம்மா அதுக்கு முன்னம் பற்றை ஏதும்..."

"எங்கடை பழைய காணி. வடக்கிலை. ஐப்பசி தொடக்கம் போய்ப் போய் வெட்டினவ." அவள் நிறுத்தினாள். "ஏன் டொக்ரர் இப்ப கேக்கிறியள்?"

என் முன்னால் படிவம் இருந்தது. நான் கீறிய மூன்றாவது பெட்டியின் மை இன்னும் முழுதாகக் காயவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் வெங்காயத் தோட்டத்தருகே சொன்னபோது ஒருவரைக் காப்பாற்றச் சொன்னேன். இப்போது சொன்னால் யாரையும் காப்பாற்றாது.

"நான் பாக்கேல்லை, டிலக்ஷி," என்றேன். "பாத்ததெண்டு எழுதினனான். ஆனால் நான் பாக்கேல்லை."

மறுபக்கத்தில் ஒரு றேடியோ பாடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். அவளுடைய மூச்சு கேட்டது. நான் எண்ணவில்லை.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.